நாயும் கோழியும் ஒரே கொல்லையில்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன்

வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் கொல்லையில் கோழி வளர்க்கிற வீட்டுக்கு நாய் அவசியம். பகலில் குரங்குக் கூட்டம் முட்டைக்கு வருகிறது, ராத்திரியில் ஜெனட் (புனுகுப்பூனை மாதிரி ஒரு காட்டு விலங்கு) வருகிறது. ஆகஸ்ட் பிறந்தால் மஞ்சள் மூக்குப் பருந்து வந்து, மார்ச் வரை தலைக்கு மேலேயே வட்டமிடுகிறது. ஆனால் வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? நாய் வாங்கிய பல வீடுகளில் இதே கவலைதான். எங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தோம் என்று எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

எங்கள் மணி வளர்ந்த நாயாகத்தான் வந்தது; குட்டியிலிருந்து கோழியைப் பார்த்துப் பழகியதல்ல. கோழிகள் பொட்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக், 1950களில் பொட்செஃப்ஸ்ட்ரூம் வேளாண் கல்லூரியில் உருவாக்கிய இனம். கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை பட்டையாக இருக்கும், நல்ல சாது. ஆனால் பயந்துவிட்டால் சிறகை அடித்துக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடும். அந்த ஓட்டம்தான் நாயைக் கிளப்பிவிடுகிறது.

துரத்த ஆரம்பித்த நாயிடம் "விடு, விடு" என்று கத்திப் பயனே இல்லை. வேட்டை அதற்குப் படிப்படியாக வருகிறது. முதலில் பார்க்கும், அப்புறம் வைத்த கண் வாங்காமல் நிற்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும். நாம் தடுக்க வேண்டிய இடம் அந்த இரண்டாவது படி. மணியிடம் அது நன்றாகத் தெரியும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடிக்கொள்ளும். காது முன்னால் வரும், வால் ஆடாது, முன்னங்கால் ஒன்று லேசாகத் தரையை விட்டு எழும்பும். அப்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். அதைத் தாண்டிவிட்டால் காதிலேயே விழாது.

அதனால் காலையில் நன்றாக நடக்கவைத்து, களைத்த பிறகு கயிற்றோடு கொல்லைக்குக் கூட்டிவருவோம். கோழிகள் வலைக்கு உள்ளே, நாங்கள் கொல்லையின் மறு கோடியில். கோழியைப் பார்த்துவிட்டுத் தானாகவே என் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு காய்ந்த ஈரல். திரும்ப முடியாமல் நின்றுவிட்டால் திட்டுவதில்லை, இன்னும் நாலு எட்டு பின்னால் போவோம். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தோம். மணி வலைக்குப் பக்கத்தில் படுத்து, கோழி மண் குளிக்கும்போது கொட்டாவி விட்ட பிறகுதான் கோழியை வெளியே விட்டோம். அப்போதும் நீளக் கயிறு கழுத்துப்பட்டையில் தொங்கிக்கொண்டே இருக்கும், நாய் பாய்ந்தால் கயிற்றை மிதித்து நிறுத்தலாம்.

எத்தனை நாளாகும் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்கள். நாயைப் பொறுத்தது அக்கா. கயிறில்லாமல் விட்டது பல மாதம் கழித்து, அதுவும் நான் கொல்லையில் இருக்கும்போது மட்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அந்த வைத்த கண் வாங்காமல் நிற்கிற விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் தாத்தா காலத்தில் வேறு வைத்தியம் சொல்வார்கள்: கோழியைக் கொன்ற நாயின் கழுத்தில் அந்தச் செத்த கோழியையே கட்டி அழுகும்வரை விடுவது. இன்றைக்கும் அதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கொன்றதற்கும் கழுத்தில் நாறுவதற்கும் உள்ள சம்பந்தம் நாய்க்கு விளங்காது, அதற்குச் சித்திரவதை மட்டும்தான் மிச்சம். அடிக்கிறதும் அப்படித்தான். நாம் இருக்கும்போது பயந்து நிற்கும், உள்ளே போன பிறகு கோழியிடம் போகும்.

எங்களுடையது ஆஃப்ரிகானிஸ், ஜூலு குடியிருப்புகளில் காலங்காலமாக இருக்கிற நாட்டு நாய். அங்கே ஆடு, கோழி, குழந்தைகள் நடுவிலேயே குட்டி போட்டு வளர்கிறது. குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை எதைப் பார்த்துப் பழகுகிறதோ அது அதற்குச் சாதாரணமாகிவிடும். அதனால் குட்டி வாங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே கோழியைக் காட்டுங்கள், ஆனால் கயிற்றில் வைத்துக் காட்டுங்கள். இன்னொன்று, குட்டியில் சாதுவாக இருந்ததே என்று அசந்துவிட வேண்டாம். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை விடலைப் பருவம். கோபமே இல்லாமல், விளையாட்டாகத் துரத்தியே கோழியைக் கொன்றுவிடும். எங்களுடையதும் அந்த வயதில் இறகைப் பிடுங்க ஆரம்பித்தது. திரும்பக் கயிற்றுக்கே போனோம், வயது ஏற ஏற அடங்கியது.

ஆஸ்திரேலியாவில் வார்ணம்பூல் பக்கம் ஒரு தீவில், நரியிடமிருந்து சிறிய பெங்குவின்களைக் காக்க 2006இல் மரெம்மா என்கிற மந்தைக் காவல் நாய்களை விட்டார்கள். யோசனை சொன்னவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர், தன் கோழிகளை அந்த நாய் காத்ததைப் பார்த்தவர். சரியாகப் பழக்கினால் பறவைக்கே காவல் நிற்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் எல்லா நாயும் மரெம்மா ஆகாது. டெரியர், கிரேஹவுண்ட் மாதிரி துரத்துவதற்கென்றே வளர்த்த இனங்கள் சிலவற்றை எவ்வளவு பழக்கினாலும் தனியாக விட முடியாது. அதை ஒப்புக்கொண்டு வேலி போட்டுவிடுவது அந்த நாய்க்கும் நல்லது.

லெனேசியா

வேலி என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் விற்கிற மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே நிறுத்தாது. மனம் வைத்தால் ஒரு நாய் பல்லாலேயே கிழித்துவிடும். வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை, போடுங்கள். அடியில் தோண்டாமலிருக்க, அதே மெஷ்ஷை வெளிப்பக்கம் ஒன்று, ஒன்றரை அடி தரையோடு படுக்கவைத்து மண் மூடிவிடுங்கள். நாய் எப்போதும் வேலி ஓரத்தில்தான் தோண்டும், காலில் கம்பி பட்டதும் விட்டுவிடும்.

அப்புறம், ஒரு நாய் இருக்கிற வீட்டுக்கும் இரண்டு நாய் இருக்கிற வீட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என் மச்சான் வீட்டில் இரண்டும் தனித்தனியாகத் தங்கம். சேர்த்து விட்டபோது ஒன்று கிளம்ப, அடுத்ததும் பின்னாலேயே ஓடியது. ஒவ்வொன்றையும் தனியாகப் பழக்கி, இரண்டையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும்.

தீபாவளி ராத்திரி எவ்வளவு பழகிய நாயானாலும் வீட்டுக்குள், கோழி கூண்டுக்குள். வெடிச்சத்தத்தில் மிரண்ட நாயையும் மிரண்ட கோழியையும் ஒரே இடத்தில் விடக் கூடாது.

டோங்காட்

ஆடி மாதக் கூழ் பூசைக்கு மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் எங்கள் கொல்லையில் நிற்கிறது. அதற்கு ஒன்று ஆகிவிட்டால் அம்மாவுக்கு மனசு தாங்காது. அதனால் இதையெல்லாம் இரண்டு தரம் படித்தேன், நன்றி.

என் பங்குக்கு ஒன்று: கோழித் தீவனத்தை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சில தீவனங்களில் ரத்தக்கழிச்சலுக்காக மொனென்சின் மாதிரி மருந்து கலந்திருக்கும். கோழிக்கு நல்லது, நாய்க்கு விஷம், கால் தளர்ந்து விழுந்துவிடும். சிந்தியதை நாய் நக்குகிறதே என்று விட்டுவிடாதீர்கள். மூட்டையில் என்ன மருந்து என்று போட்டிருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

டோங்காட் அண்ணா, மூட்டையை இப்போதே மூடி போட்ட டிரம்முக்கு மாற்றிவிட்டேன்.

குஞ்சு பொரித்திருக்கிற வீடுகள் கவனியுங்கள். பெரிய கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்காத மணி, குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் கேட்டதும் எலியைக் கண்ட மாதிரி தலையைச் சாய்த்து நின்றது. அதற்குக் கோழி வேறு, குஞ்சு வேறு. இப்போது கயிற்றோடு, மறு கோடியிலிருந்து, திரும்பத் தொடங்கியிருக்கிறோம். தாய்க்கோழி கொத்த வருவதற்கும் மணியைப் பழக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால், குஞ்சுக்கு எத்தனை வாரமானதும் வெளியே விட்டீர்கள் என்று எழுதுங்கள்.