தெருச் சுவரில் ஓவியம் வந்த கதை: உங்கள் பக்கம் என்ன நடந்தது?

பைக்சாவி எழுதியது:

நான் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினுக்கு சர்வீஸ் பார்க்கிறவன். ஓஎம்ஆரில் துரைப்பாக்கம் பக்கம்தான் என் ஏரியா, அதில் கண்ணகி நகரும் வரும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னைக்குள் ஆற்றோரம், கால்வாயோரம் குடிசை போட்டிருந்தவர்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த இடம், 20,000 வீடுகளுக்கு மேல் இருக்கும். பேரைச் சொன்னாலே ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். வேலைக்கு மனு போடும்போது 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகளை எனக்கே தெரியும்.

எனக்கு அங்கே இருந்த பிரச்சினை வேறு. எல்லா பிளாக்கும் ஒரே உயரம், ஒரே நிறம். போன் போட்டு வழி கேட்டால் "மளிகைக் கடை பக்கத்துல வாங்க" என்பார்கள், தெருவுக்கு மூன்று மளிகைக் கடை இருக்கும். பத்து கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் சுற்றிய சுற்று எனக்குத்தான் தெரியும்.

2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியும் சேர்ந்து அங்கே சுவர்களில் படம் வரைய ஆரம்பித்தார்கள். ஏ-கில், ஓஷின் சிவா மாதிரி நம் ஆட்களும் இருந்தார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். ஒரு நாள் போனபோது ஒருவர் கிரேன் தொட்டியில் நின்றுகொண்டு ஒரு பெரிய சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சுழி, ஒரு பெருக்கல் குறி, ஏதோ எழுத்து, ஒரு மீன், எதற்கும் எதற்கும் சம்பந்தமே இல்லை. கீழே நின்ற ஒருத்தர் "நல்லா இருந்த சுவத்தக் கெடுத்துட்டானுங்க"ன்னு தலையில் அடித்துக்கொண்டார், நானும் உள்ளுக்குள் ஆமாம் போட்டேன். அப்புறம் வரைகிறவருடன் வந்த பையன்தான் விளக்கினான். அந்தக் கிறுக்கலோடு சுவரைப் போட்டோ எடுத்து, அதன் மேல் தங்கள் படத்தை போனிலேயே பொருத்திப் பார்ப்பார்களாம். மீனின் வாலுக்குப் பக்கத்தில் மூக்கு நுனி, பெருக்கல் குறிக்கு மேலே இடது கண், இப்படிக் கணக்கு வைத்து வரைவார்களாம்.

அடுத்து லாக்டவுன் வந்தது. பல மாதம் கழித்து மறுபடி போனபோது ஒரு அம்மாவிடம் வழி கேட்டேன். "சிரிக்கிற புள்ளைங்க பில்டிங் தெரியுமா, அதுக்குப் பின்னாடி வாங்க" என்றார். ஒரே போனில் வீட்டைக் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஓவியம் ஊரை மாற்றியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் விலாசத்தை மாற்றியது, அதற்கு நான் சாட்சி.

எல்லாருக்கும் சந்தோஷம் என்றும் சொல்ல மாட்டேன். பெரிய படத்துக்கு ஜன்னல் இல்லாத பக்கச் சுவர்தான் வசதி. ஜன்னல், கொடிக்கயிறு எல்லாம் இருக்கிற பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பாட்டி, என் வாடிக்கையாளர், ஒவ்வொரு தடவையும் "எங்க சுவத்துக்கு எப்பப்பா வருவாங்க?" என்பார், ஏதோ நான்தான் பெயின்ட் வாளியை வைத்திருப்பது போல.

உங்கள் பக்கம் நடந்ததையும் எழுதுங்கள்.

சாக்பீஸ் எழுதியது:

அந்தக் கிறுக்கல் வித்தையை எங்கப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அவர் பேனர் ஆர்ட்டிஸ்ட். அவருக்கு எல்லாமே கட்டம்தான். சின்னப் போட்டோவில் பென்சிலால் கட்டம் போடுவார், அதே கணக்கில் பேனரில் நீலப்பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். நூலின் மறுமுனையைப் பிடிக்கிற வேலை எனக்கு. மூக்கில் ஏறும் அந்தப் பொடி இரண்டு நாளைக்குப் போகாது. நாற்பது அடி கட்-அவுட்டில் காலணியை ஒருத்தர், முகத்தை ஒருத்தர் என்று பிரித்து வரைவார்கள். அப்பா முகம் போடுகிறவர், அதனால் கூலியும் கொஞ்சம் கூட.

பிளெக்ஸ் வந்தது, எல்லாம் போனது. ஒரு ராத்திரியில் பத்து பேனர் அச்சடித்துத் தருகிறவனோடு எப்படிப் போட்டி போடுவது? அப்பா நம்பர் பிளேட் எழுதினார், லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்' எழுதினார்.

2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று நிறுத்திவிட்டு, தமிழ்நாட்டுக் கலை, வரலாறு என்று படம் வரைய வைத்தபோது இந்த மாதிரி ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கும் கொஞ்ச நாள் வேலை கிடைத்தது. வழக்கமாக மூலையில் '... ஆர்ட்ஸ்' என்று பேரும் போன் நம்பரும் போடுவார், அங்கே போட முடியாது. ஆனால் கை சும்மா இருக்குமா? தான் வரைந்த நாட்டியப் பெண்ணின் சலங்கையில் ஒரு மணிக்குள் தன் இனிஷியலை ஒளித்துவைத்தார். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் "இடது கால், ரெண்டாவது வரிசை" என்று காட்டுவார். பஸ் வேகத்தில் அம்மாவுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை, "ஆமாங்க, தெரியுது" என்பார்.

கொஞ்ச காலம் கழித்து அந்தக் காலை மறைத்து ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அப்பா கோபப்படுவார் என்று பார்த்தேன். "பசை சரியா தடவல, நாளைக்கே உரிஞ்சிரும்" என்று மட்டும் சொன்னார்.

காவிரிக்கரை எழுதியது:

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம், சின்ன ஊர்தான். பெரிய நிறுவனம், கிரேன் எதுவும் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், சந்துப் பக்கம் போகவே முடியாது, அவ்வளவு நாற்றம். வழக்கம்போல சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்துவிடலாம் என்றார்கள். சாமியை எதற்கு அங்கே காவலுக்கு நிறுத்த வேண்டும் என்று ஒரு ஓவிய ஆசிரியர் நாலைந்து இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார்.

முதல் தடவை சொதப்பல். பழைய சுண்ணாம்புச் சுவர், உள்ளே ஈரம். அதைச் சுரண்டிக் காயவிடாமல் பளபளப்பாக இருக்கட்டும் என்று எனாமல் அடித்துவிட்டோம். ஒரு ஐப்பசி மழை, அவ்வளவுதான். உப்புப் பூத்து, கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நாங்கள் வரைந்திருந்த ஆந்தைக்கு ஒரு கண்தான் மிச்சம். இரண்டாவது தடவை கோடையில் நன்றாகச் சுரண்டி, பூசி, ஒரு மாதம் காயவிட்டு, வெளிச்சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் அடித்தோம். அது நிற்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. தெருப் பெண்களையும் கோலம் போடக் கூப்பிட்டோம். நாற்பது வருஷமாக மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடுகிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார்கள் என்று நினைத்தோம். சுவரில் வரவில்லை! குனிந்தபடி, பின்னால் நகர்ந்துகொண்டே போட்டுப் பழகிய கை, நின்றுகொண்டு பிரஷ்ஷைப் பிடித்ததும் கோடு எங்கெங்கோ போகிறது. விரலிடுக்கில் மாவு இறங்குகிற கணக்கு வேறு, பிரஷ் கணக்கு வேறு. என் சித்தி பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு "எனக்கு இது ஒத்துவராதுடா" என்று போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பழைய துணியைத் திரி மாதிரி முறுக்கி, எமல்ஷனில் தண்ணீர் கலந்து தொட்டு, இழைக்கோலத்துக்கு இழுப்பது போல் விரலால் இழுத்துக்கொண்டிருக்கிறார். பதினைந்து புள்ளி. ஒரு சிக்கு தப்பவில்லை.

தேர்தல் நேரத்தில் ஒரு கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து 'ரிசர்வ்' எழுத வாளியோடு வந்தார்கள். சித்தி நாற்காலியைக் கொண்டுவந்து சுவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களில் ஒருவன் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். "வேற சுவர் பாத்துக்கறோம் அத்தை" என்று போய்விட்டார்கள்.

மாலைரயில் எழுதியது:

நான் சின்னதாக ஒன்று சொல்கிறேன். பறக்கும் ரயிலில் இந்திரா நகர் ஸ்டேஷன் சுவரில் ஏ-கில் வரைந்த முகங்கள் இருக்கின்றனவே, எச்ஐவி உள்ளவர்களை ஒதுக்காதீர்கள் என்பதற்காக வரைந்தது, அதை என் அம்மாவுக்கு முதல் தடவை காட்டினேன். அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "இவங்கள்லாம் எந்தக் கட்சி?" என்றார். இவ்வளவு பெரிய முகம் என்றால் ஒன்று கட்சி, இல்லை சினிமா, வேறு எதையும் அவர் பார்த்ததே இல்லை. சாதாரண ஜனங்கள்தான் அம்மா என்றேன். "நம்மள மாதிரியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு வண்டியைத் தவறவிட்டோம்.

பைக்சாவி எழுதியது:

சாக்பீஸ், அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், அந்த நீலப்பொடி இன்னும் கிடைக்கிறதா? காவிரிக்கரை, சித்திக்கு ஒரு கும்பிடு.

எங்கள் பாட்டி கதைக்கு ஒரு தொடர்ச்சி. போன மாதம் பில்டர் மாற்றப் போனேன். கதவுக்குப் பக்கத்தில், அவர் கை எட்டும் உயரத்துக்கும் கீழே, பேத்தி கலர் சாக்பீஸால் ஒரு மயில் வரைந்து வைத்திருக்கிறாள். கால் மூன்று இருந்தது. நான் எண்ணுவதைப் பாட்டி கவனித்துவிட்டார்.

"ஒண்ணு வாலுப்பா."