வட கென்யா: ஊர்க்காவலர் கையில் மறுபடி துப்பாக்கி, சரியா?

மேய்ச்சல்நிலம்:
வட கென்யாவில் கால்நடைக் கொள்ளையைத் தடுக்க ஊர்க்காரர்களிடமே அரசுத் துப்பாக்கி கொடுத்து வைப்பது பழைய ஏற்பாடு. அந்த ஊர்க்காவலர்களுக்குப் போலீஸ் ரிசர்வ் என்று பெயர். பேருக்குப் போலீஸ், நெடுங்காலம் சம்பளமில்லாத வேலை. 2019-ல் அந்தத் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கினார்கள். 2023 பிப்ரவரியில் துர்கானா, மேற்கு பொக்கோட், பரிங்கோ, எல்கேயோ மரக்வெட், சம்புரு, லைக்கிப்பியா ஆகிய ஆறு மாவட்டங்களுக்கு ராணுவத்தை அனுப்பிவிட்டு, பின்னாலேயே ஊர்க்காவலர்களை மறுபடி எடுத்தார்கள். அது சரி என்பது என் கட்சி.

காரணம் நேரம். ஓட்டிப் போகிற மாடு மணிக்கு 3, 4 கி.மீ. நடக்கும். பொழுது சாய்ந்ததும் பட்டியில் அடித்தால் விடிவதற்குள் 30, 40 கி.மீ. தாண்டிவிடும். அப்புறம் மந்தையை மூன்று நாலாகப் பிரிப்பார்கள். தடம் பாறையில் ஏறிவிட்டால் கதை முடிந்தது. முதல் ஆறு மணி நேரத்துக்குள் தடத்தில் இறங்கக்கூடியவன் அந்தப் பட்டியிலேயே படுத்திருப்பவன்தான். நிலையத்துப் போலீஸ்காரர் பெரும்பாலும் வெளியூர் ஆள். எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

‘போலீஸைக் கூட்டினால் போதும்’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. துர்கானாவின் பரப்பு தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். 2019 கணக்கெடுப்பில் மக்கள் 9.27 லட்சம். 450 பேருக்கு ஒரு போலீஸ் என்று எல்லோரும் எடுத்து வீசுகிற அளவுகோலின்படி 2,060 பேர் வேண்டும். அத்தனை பேரும் வந்தாலும் ஆளுக்கு 33 சதுர கி.மீ. அவர்களும் தூங்க வேண்டும், லீவு போக வேண்டும்.

வழக்காடி:
கணக்கு சரி, முடிவு தவறு. நீங்கள் துப்பாக்கி கொடுப்பது ‘ஊருக்கு’ அல்ல, ஓர் இனக்குழுவுக்கு. துர்கானா ஊர்க்காவலரின் துப்பாக்கி பொக்கோட்டைப் பார்த்து நிற்கிறது. பொக்கோட் ஊர்க்காவலருடையது துர்கானாவைப் பார்த்து. இரண்டையும் கொடுத்தது ஒரே அரசு. தன் மாட்டை மீட்கப் போனவன் கண்ணில் பட்ட மாட்டையெல்லாம் ஓட்டி வந்தால் கேட்பது யார்? பக்கத்து வீட்டு ஊர்க்காவலரா?

தோட்டாவுக்கு வாருங்கள். ஆயுதப் புழக்கத்தை ஆராயும் ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ அமைப்பு 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வடக்கு துர்கானாவில் கள்ளத்தனமாகப் புழங்கிய தோட்டாக்களில் ஏறக்குறைய பாதி கென்யப் போலீஸிடமிருந்து வந்தவை. தோட்டாவின் அடித்தட்டைத் திருப்பினால் ஆலை முத்திரை இருக்கும். கென்யாவின் எல்டோரெட் நகரிலுள்ள அரசுத் தோட்டா ஆலையின் முத்திரை அங்கே தாராளமாகக் கிடைத்தது. இந்த லட்சணத்தில் இன்னும் ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

புதியவன்_24:
வெட்சி, கரந்தை என்று படித்தது நினைவுக்கு வருகிறது. ஆநிரை கவர்தல் இன்னும் நடக்கிறதா?

வழக்காடி:
அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள் தம்பி. பெண்ணுக்குப் பரிசம் கொடுக்க மாடு பிடித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது ஒரு பகுதி லாரியில் ஏறி நகரத்து இறைச்சிக் கூடத்துக்குப் போகிறது. பெருசுகள் உட்கார்ந்து ‘மாட்டைத் திருப்பிக் கொடு’ என்று தீர்ப்புச் சொல்லும்போது திருப்பிக் கொடுக்க மாடே இருக்காது.

மேய்ச்சல்நிலம்:
வழக்காடி சார், அதே ஆய்வு காரணத்தையும் சொல்கிறது. அண்டைக் குழுக்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளட்டும் என்றுதான் அந்தத் தோட்டாக்களைக் கொடுத்தார்கள். அது கசிவு இல்லை, பட்டுவாடா. காக்க முடியாத அரசு கையைக் கழுவிய விதம்.

பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். உகாண்டாவின் கரமோஜாவில் 2001-02-ல் ஆயுதம் களைந்தார்கள். ஒப்படைத்தவர்களுக்குக் காவலாக நின்ற ராணுவத்தை 2002-ல் எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிப் படையோடான சண்டைக்கு இழுத்துக்கொண்டார்கள். துப்பாக்கியைக் கொடுத்துவிட்ட பொக்கோரா என்ற இனக்குழுவை, கொடுக்காத ஜியே இனக்குழு ஆட்கள் வந்து அடித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் களைந்தால் அது ஆயுதக் களைவே இல்லை, எதிராளிக்குக் கொடுத்த அழைப்பு.

வழக்காடி:
கதையைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். 2006-ல் மறுபடி தொடங்கினார்கள். முறை கொடூரமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறகு சில வருடம் அங்கே கொள்ளை வெகுவாகக் குறைந்தது. ஊர்ப் பெரியவர்களே விதி வகுத்தார்கள்: திருடியது ஒன்று என்றால் திருப்புவது இரண்டு, அபராதமாக மேலும் ஒன்று. பின்னால் நின்று வசூலித்துக் கொடுக்க ராணுவம் இருந்தது. 2019 வாக்கில் அது சிதைந்தது உண்மைதான். ஆனாலும் ஊர்க்காவலருக்குத் துப்பாக்கி என்பது மட்டுமே வழி என்று சொல்ல முடியாது.

டீசல்கணக்கு:
இரண்டு பேரும் துப்பாக்கியிலேயே நிற்கிறீர்கள். 2012 நவம்பர் 10, பரகோய் அருகே சுகுத்தா பள்ளத்தாக்கு. களவு போன மாட்டைத் தேடிப் போன போலீஸாரில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். கையில் துப்பாக்கி இல்லாமலா போனார்கள்? பலர் பயிற்சி முடித்து வந்த புது ஆட்கள். மேட்டில் ஆள் காத்திருக்க, கொதிக்கிற பள்ளத்தில் இறங்கினார்கள். வானிலிருந்து பார்க்க ஆள் இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது.

ஒரு துரத்தலுக்கு என்ன வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். 10 பேர், 2 நாள், ஆளுக்கு தினம் 5 லிட்டர் தண்ணீர்: 100 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. லேண்ட் குரூஸர் மணலிலும் பாறையிலும் லிட்டருக்கு 5 கி.மீ. கொடுத்தால் பெரிய விஷயம். போய்வர 150 கி.மீ. என்றால் டீசல் 30 லிட்டர், திரும்ப முடியாமல் போனால் என்று கூடவே 20. ஸ்டெப்னி ஒன்று போதாது, முள்ளுக்கு இரண்டு வேண்டும். செல்போன் டவர் இல்லாத இடத்தில் எச்.எஃப். ரேடியோ (தொலைதூர வயர்லெஸ்) வேண்டும், அதன் பேட்டரி வண்டியோடு செத்தால் ஆட்களும் அம்போ. வண்டி ஒன்று மட்டும் இருந்தால் அது கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருக்கும் அன்றைக்குத்தான் கொள்ளை நடக்கும்.

இன்னொன்று. மாடு கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். இனி அது வழக்குச் சொத்து. 200 மாட்டை நிலையத்தில் எங்கே அடைப்பது? தண்ணீர் யார் காட்டுவது? மூன்றாம் நாள் கன்று சாகத் தொடங்கும். அதனால் கூட்டத்தின் முன்னால் அடையாளம் சொன்னவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். எழுத்து கிடையாது, படம் கிடையாது. பிறகு வழக்கில் நிற்க என்ன இருக்கிறது?

வழக்காடி:
இதை ஒப்புக்கொள்கிறேன். துர்கானா மொழியில் குலத்துக்கும் சூட்டுக்குறிக்கும் ஒரே சொல், எமச்சார். குறி குலத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஒரே குலத்தில் பல குடும்பம். அங்கே காதறுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு மாட்டுக்கும் குறி தெரிய ஒரு படம், காது தெரிய ஒரு படம், பெற்றவரின் கைநாட்டு. ஒரு போன் போதும். இதற்குத் துப்பாக்கி எதற்கு?

மேய்ச்சல்நிலம்:
மாட்டைப் பிடித்தால்தானே படம் எடுப்பீர்கள்!

சரி, தோட்டாக் கணக்குக்கு என் யோசனை. அங்கே ஊரெல்லாம் ஏ.கே., அதன் தோட்டா எல்லை தாண்டியும் வரும். ஊர்க்காவலருக்கு ஜி3 ரகத் துப்பாக்கி மட்டும் கொடுங்கள். அதன் தோட்டா வேறு அளவு, ஏ.கே.யில் ஏறாது. ஆளுக்கு 30 தோட்டா, துப்பாக்கி எண்ணோடு பதிவேட்டில் கையெழுத்து. மாதம் ஒரு நாள் எண்ணிக்கை. சுட்டதற்கு வெற்றுக்கூடு திரும்பி வர வேண்டும். மாதச் சம்பளமும் அந்த நாளிலேயே, அதே மேசையில்; எண்ணிக்கைக்கு வராதவனுக்குச் சம்பளம் இல்லை.

வழக்காடி:
இருட்டில் புதருக்குள் சுட்டவன் வெற்றுக்கூட்டை எங்கே போய்த் தேடுவான்? ‘விழுந்துவிட்டது’ என்றால் எழுதிக்கொள்வீர்களா? முத்திரையிலும் ஆலை தெரியும், எந்த நிலையத்துக்குப் போன பெட்டி என்று தெரியாது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிக் குறி அச்சடிக்காத வரை உங்கள் பதிவேடு வெறும் காகிதம்.

மேய்ச்சல்நிலம்:
எட்டு கூடு ஒரு மாதம் குறைந்தால் விடலாம். சண்டையே நடக்காத ஊரில் மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் துப்பாக்கியைத் திரும்ப வாங்க வேண்டியதுதான். மாவட்டக் குறி, சரியான யோசனை.

டீசல்கணக்கு:
மாதா மாதம் எண்ணப் போகிற சார்ஜென்ட்டுக்கு வண்டி எது?