புதுப்பிப்பு: மதியத்தில் மட்டும் கேட்காத பார்க்கின்சன் மாத்திரை

அப்பாவுக்குப் பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை காலையில் நன்றாகக் கேட்கிறது, மதியம் சாப்பாட்டோடு போடுவது மட்டும் பலிப்பதில்லை, டிபிஎஸ் (மூளைக்குள் மின்கம்பி வைத்துத் தூண்டும்) அறுவை சிகிச்சைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்காதீங்க" என்ற யோசனைதான். நரம்பியல் மருத்துவரும் அதையே சொன்னார். லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம். பருப்பு, முட்டை, மீனிலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு குடலிலும், மூளைக்குள் நுழையும் இடத்திலும் அது போட்டி போட வேண்டியிருக்கிறது. இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை. மதியம் ரசம் சாதம், காய். பருப்பும் முட்டையும் ராத்திரிக்கு. சாம்பார் இல்லாததெல்லாம் ஒரு சாப்பாடா என்று அப்பாவுக்கு ஏக வருத்தம். ஆனால் சாயங்காலம் வெளியே கிளம்பும்போது சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார்.

எதிர்பாராதது இரும்புச்சத்து மாத்திரை. ரத்தசோகைக்காக அதையும் மதியமே போட்டுக்கொண்டிருந்தார். இரும்பு லெவோடோபாவோடு ஒட்டிக்கொண்டு அதைச் சரியாக உறிஞ்ச விடாதாம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடச் சொன்னார் மருத்துவர்.

அப்புறம் டிபிஎஸ். இப்போதைக்கு வேண்டாம் என்றார். அதற்கு முன் லெவோடோபா சோதனை உண்டு: இரவிலிருந்து மாத்திரையை நிறுத்தி, காலையில் நடை, விறைப்பு, நடுக்கத்துக்கு மதிப்பெண் போட்டு, மாத்திரை கொடுத்து மறுபடி பார்ப்பார்கள். மாத்திரைக்கு அடங்காத தடுமாற்றம் பெரும்பாலும் டிபிஎஸ்ஸுக்கும் அடங்காது. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு.

வெறும் வயிற்றில் குமட்டினால் மாத்திரையோடு ஒன்றிரண்டு பிஸ்கட் கொடுக்கலாம். நேரத்தை மாற்றும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.