மூக்குக் காற்றோட்ட சிமுலேஷன்: இடது நாசியில் மட்டும் அழுத்தம் எகிறுகிறது, உதவுங்கள்

காற்றோடி:
வணக்கம். முதுகலை பிராஜெக்டுக்காக ஒரு சிடி ஸ்கேனிலிருந்து மூக்கின் உட்பாதையைப் பிரித்தெடுத்து, ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருளில் காற்றோட்டம் பார்க்கிறேன். பெயர் விவரம் நீக்கிய ஸ்கேன், ஸ்லைஸ் தடிமன் 1 மி.மீ. மைனஸ் 600 எச்யூவுக்கு (சிடியின் அடர்த்தி அளவு) கீழே இருப்பதைக் காற்று என்று எடுத்தேன். அமைதியான மூச்சுக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர். அதைச் சமமாகப் பிரித்து ஒவ்வொரு துளைக்கும் நொடிக்கு 125 மி.லி. கொடுத்தேன். தொண்டைப் பக்கம் அழுத்தம் 0. சிம்பிள்ஃபோம் (ஓப்பன்ஃபோமில் நேரத்தோடு மாறாத ஓட்டத்துக்கான நிரல்), லாமினார் (கொந்தளிப்பில்லாத ஓட்டம்).

ரெசிடுவல் (கணக்கில் மிஞ்சும் பிழை) ஒழுங்காக இறங்குகிறது. ஆனால் வலது துளையில் அழுத்தம் p 7.5, இடது துளையில் 160! மெஷ்ஷை (பாதையைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை) 12 லட்சம் செல்லிலிருந்து 30 லட்சம் ஆக்கியும் அசையவில்லை. இரண்டு வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

சுழலி:
முதலில் ஒன்று: சிம்பிள்ஃபோம் தருவது அடர்த்தியால் வகுத்த அழுத்தம். 1.2 ஆல் பெருக்குங்கள். வலது 9 பாஸ்கல், இடது 192.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு துளைகளும் வெளியே ஒரே காற்றைத்தான் பார்க்கின்றன. அங்கே இரண்டு வேறு அழுத்தம் எப்படி வரும்? மெஷ்ஷில் தப்பில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்று நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். அடைத்த பக்கத்திலும் 125 போயே ஆக வேண்டும் என்றால் அழுத்தம் எகிறத்தான் செய்யும்.

மாற்றிப் போடுங்கள். இரண்டு துளையிலும் டோட்டல் பிரஷர் (வேகத்தால் வரும் பங்கையும் சேர்த்த அழுத்தம்) 0. தொண்டைப் பக்கம் ஃப்ளோரேட் அவுட்லெட் வெலாசிட்டி (வெளியேறும் அளவை நிர்ணயிக்கும் நிபந்தனை), நொடிக்கு 250 மி.லி.; அங்கே p சீரோ கிரேடியன்ட், அதாவது மதிப்பைக் கட்டாமல் உள்ளிருந்து வருவதையே எடுத்துக்கொள்வது. நுரையீரல் இழுப்பதும் அப்படித்தானே? பங்கை மூக்கே பிரித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் அந்த மைனஸ் 600. காற்று மைனஸ் 1000, மென்திசு பூஜ்யத்துக்குச் சற்று மேலே. நடுப்புள்ளி மைனஸ் 500 பக்கம் வரும். பாதை சில இடங்களில் ஒன்றிரண்டு மி.மீ. அகலம்தான், அங்கே ஒரு வோக்செல் (ஸ்கேனின் முப்பரிமாணப் புள்ளி) தவறினால் வழியே மூடிவிடும்.

ஈஎன்டி வாசகர்:
நான் காது மூக்கு தொண்டை மருத்துவர், கணினிக் கணிப்பு என் துறையில்லை. கரோனல் ஸ்லைஸில் (முகத்துக்கு இணையான வெட்டு) இடது கீழ் டர்பினேட் (மூக்கின் பக்கச் சுவரில் உள்ள மடிப்பு) வீங்கியிருக்கிறதா பாருங்கள். பலருக்கு இரண்டு பக்கமும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வீங்கும், நேசல் சைக்கிள் என்போம். ஸ்கேன் பிடித்தது அந்த ஒரு கணத்தை மட்டும். இதை வைத்து இவருக்கு இடது மூக்கு அடைப்பு என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியை நம்பி ஒருவர் அறுவைச் சிகிச்சை வரை போகக்கூடும். வீக்கம் வடியச் சொட்டு மருந்து விட்டபின் எடுத்த ஸ்கேன் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காற்றோடி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. எல்லை நிபந்தனையை (துளைகளிலும் தொண்டையிலும் கொடுக்கும் மதிப்புகளை) மட்டும் மாற்றி ஓட்டினேன். மொத்த அழுத்த வீழ்ச்சி இப்போது 23 பாஸ்கல். வலப்பக்கம் நொடிக்கு 211 மி.லி., இடப்பக்கம் 39. டர்பினேட் வீக்கமும் டாக்டர் சொன்னபடியே இருக்கிறது; அறிக்கையில் அதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். மைனஸ் 500 வைத்துப் பிரித்த மாடல் இன்றிரவு ஓடும், முடிந்ததும் இங்கேயே போடுகிறேன்.

சுழலி:
போடுங்கள். இரண்டு மாடலிலும் நாசி வால்வின் (துளைக்குச் சற்று உள்ளே பாதை மிகக் குறுகும் இடம்) குறுக்குப் பரப்பை அளந்து சேர்த்துப் போடுங்கள். தடையில் பெரும்பங்கு அந்தக் குறுகலில்தான்.