கிளிஃபர்ட் என்னும் குடும்பப் பெயரின் பூர்விகம் எது?

தெம்பனிஸ் வாசகர்:
வணக்கம். என் மகள் பள்ளித் திட்டப்பணிக்காகச் சிங்கப்பூரின் காலியர் கீயிலுள்ள கிளிஃபர்ட் படகுத்துறையைப் பற்றி எழுதுகிறாள். 1933இல் திறக்கப்பட்ட அத்துறைக்கு ஆளுநர் ஹியூ கிளிஃபர்டின் பெயர் இடப்பட்டது என்பது வரை தெரிகிறது. அவருடைய குடும்பப் பெயர் இங்கிலாந்தில் எங்கே தோன்றியது என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

சிராங்கூன் அன்பர்:
அது ஊர்ப்பெயர்தான். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரஃபர்ட்ஷயரில், வை ஆற்றைக் கடக்கும் ஆழமற்ற துறையைப் பார்த்தபடி, செங்குத்தான கரைமேல் கிளிஃபர்ட் கோட்டையின் இடிபாடுகள் நிற்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் அக்கோட்டையைத் தம் வசம் வைத்திருந்த, பிரான்சின் நார்மண்டி வழிவந்த நார்மன் குடும்பத்தினர், நம் பெரியவர்கள் ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன்னே சேர்த்துக்கொண்டதைப்போல, அதையே தம் பெயராக்கிக்கொண்டனர். அவர்கள் வழிவந்த ராபர்ட் கிளிஃபர்ட் 1310இல் யார்க்ஷயரின் ஸ்கிப்டன் கோட்டையைப் பெற்றபின் குடும்பத்தின் செல்வாக்கு வடக்கே வேரூன்றியது. அவர் 1314இல் ஸ்காட்லாந்தினருக்கு எதிரான பானக்பர்ன் போரில் மாண்டார். தெற்கே டெவனில் நிலைத்த சட்லி கிளையில் பிறந்தவரே அந்த ஆளுநர். அவர் 1883இல், பதினேழு வயதில், மலாயாவுக்கு வந்தார் என்பதையும் உங்கள் மகள் அவசியம் எழுதட்டும்.

புக்கிட் தீமா நண்பர்:
நல்ல விளக்கம். ஆயினும் கிளிஃபர்ட் என்ற பெயருடைய அனைவரும் அக்கோட்டையின் வழியினர் அல்லர். அயர்லாந்தின் கெர்ரி பகுதியில் ஓ குளூவான் என்னும் ஐரிஷ் குலப்பெயரே ஆங்கில வடிவில் கிளிஃபர்ட் ஆயிற்று. எனவே ஒரு குறிப்பிட்ட குடும்பத்தை ஆராய்வோர், பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பாமல், இங்கிலாந்துத் தேவாலயங்களில் 1538 முதல் எழுதப்பட்டுவரும் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.