இன்டி ராய்மி "500 வருடமாக விடாமல்" நடக்கிறதாம்! குஸ்கோ போகும் தன்னார்வலர்கள் கவனத்துக்கு

ஒற்றைக்கல் (இழையைத் தொடங்கியவர்)

நம் தளத்தில் ஊர்சுற்றி, இன்காக்களின் பழைய தலைநகரான பெரு நாட்டுக் குஸ்கோவைப் பற்றி, "குஸ்கோவில் தன்னார்வலரின் சனி, ஞாயிறு" என்று ஒரு பதிவு போட்டிருக்கிறார். ஆளாளுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் வரும் இந்த வரியை யாராவது கவனித்தீர்களா? "ஜூன் 24இல் நடக்கும் இன்டி ராய்மி, இன்கா மன்னர் காலம் தொட்டு 500 ஆண்டுகளாக ஒரு வருடம்கூட விடாமல் கொண்டாடப்படும் சூரிய விழா. இதைப் பார்க்காதவர் குஸ்கோ போனதே வீண்."

விடாமலா? ஸ்பானியர்கள் அதை 16ஆம் நூற்றாண்டிலேயே தடை செய்துவிட்டார்கள். இப்போது நடப்பது 1944இல் தொடங்கியது. உம்பெர்தோ விடால் உண்டா முன்னின்று நடத்தினார். ஃபாஸ்டினோ எஸ்பினோசா நவாரோ இன்காக்களின் மொழியான கெச்சுவாவில் வசனம் எழுதி, இன்கா வேடத்தையும் அவரே போட்டார். அதற்கு ஆதாரம் வரலாற்றாசிரியர் கார்சிலாசோ டி லா வேகா 1609இல் வெளியிட்ட நூல். கார்சிலாசோ பிறந்ததே 1539இல், ஸ்பானியர் குஸ்கோவுக்குள் வந்த பிறகு. இருபது வயதில் ஸ்பெயின் போனவர், அங்கே உட்கார்ந்து எழுதினார். நல்ல நாடகம், யார் வேண்டாம் என்றார்கள்? நாடகம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

ஊர்சுற்றி

வாருங்கள் ஒற்றைக்கல் சார். நான் எதை எழுதினாலும் முதலில் ஓடி வருவது நீங்கள்தான். பிசாக் சந்தை, சான் பெத்ரோ சந்தையின் பழச்சாறு வரிசை, சான் பிளாஸ் படிக்கட்டு, ஒயாந்தைதம்போ என்று அத்தனையும் எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வரி.

காலையில் கொரிகாஞ்சா சூரியக் கோயிலில் தொடங்கி, நடுச் சதுக்கத்துக்கு வந்து, அங்கிருந்து சாக்சாய்வாமன் கோட்டை மேட்டுக்கு ஏறும் அந்த ஊர்வலத்தை நேரில் பார்த்தவன் நான். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கண் கலங்கினார். அவரிடம் போய் 1944 என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒற்றைக்கல்

பாட்டி கலங்கியது பாட்டியின் விஷயம். 1944க்கு முன் எந்த வருடம் நடந்தது? ஒரே ஒரு வருடம் சொல்லுங்கள், போதும்.

ஊர்சுற்றி

1535.

ஒற்றைக்கல்

ஆகா. 1535க்கும் 1944க்கும் நடுவில்?

பழையசோறு

நடுவில் இடைவேளை. பாப்கார்ன் வாங்கப் போயிருந்தார்கள்.

செம்பருத்தி

ஒற்றைக்கல் அண்ணா, வருடக் கணக்கு சரிதான். ஆனால் விட்டுப் போனதை மறுபடி எடுத்தால் அது நாடகம்தான் என்கிறீர்களே, அது எப்படி? குஸ்கோ பக்கத்துச் சிஞ்செரோவிலும் மற்ற மலைக் கிராமங்களிலும் இயற்கைச் சாயம் கிட்டத்தட்ட மறைந்துகொண்டிருந்தது. எல்லோரும் கடையில் விற்கும் ரசாயனச் சாயத்துக்கும் ஆலை நூலுக்கும் போய்விட்டார்கள். 1996இல் நில்டா கல்லன்யாவ்பாவும் கூட இருந்த நெசவாளிகளும் குஸ்கோ மரபு நெசவு மையத்தைத் தொடங்கிப் பழைய முறைகளைத் தேடிப் பிடித்தார்கள். கள்ளிச் செடியில் ஒட்டியிருக்கும் கொச்சினில் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கிச் சிவப்பு எடுப்பார்கள், அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சுக்கு மாறும். கண்ணெதிரே நடக்கும். இது 1996இல் மீட்டது என்பதால் போலியா?

சனி ஞாயிறில் எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது எல் சோல் சாலையில் இருக்கும் அந்த மையத்தின் சிறிய அருங்காட்சியகம்தான். அப்புறம்தான் சந்தையில் கம்பளி வாங்கப் போக வேண்டும். பார்த்துவிட்டுப் போனால் 'பேபி அல்பாகா' (மிருதுவான அல்பாகா கம்பளி) என்று சொல்லி அக்ரிலிக்கைத் தலையில் கட்ட முடியாது.

ஒற்றைக்கல்

தங்கையே, நெசவைப் பற்றி நான் பேசவே இல்லை. "500 ஆண்டுகளாக விடாமல் இந்தச் சாயம்" என்று அவர்கள் பலகை வைத்தால் அங்கேயும் வந்து கேட்பேன். நான் பேசுவது "விடாமல்" என்ற பொய்யை. 1944.

ஊர்சுற்றி

பொய்யா? வார்த்தையை அளந்து பேசுங்கள். போன வருடம் லா பாஸ் இழையிலும் இதே கதைதான். கேபிள் கார் எத்தனை தடம் என்று மூன்று பக்கம் சண்டை போட்டீர்கள். கேள்வி கேட்டவர் கடைசியில் கணக்கையே மூடிவிட்டுப் போனார்.

ஒற்றைக்கல்

அவர் போனது என்னால் அல்ல. உங்கள் அறிவுரையைக் கேட்டு வந்த முதல் சனிக்கிழமையே வினிகுங்கா வானவில் மலைக்குப் போன பையன் ஞாபகம் இருக்கிறதா? குஸ்கோவே 3,400 மீட்டர். அந்த மலை 5,000க்கும் மேல். லீமாவில் கடல் மட்டத்திலிருந்து விமானம் ஏறி வந்த பிள்ளையை இரண்டாம் நாள் விடியலில் அங்கே அனுப்பினீர்கள். வாந்தி எடுத்துக்கொண்டே திரும்பினான். அதற்கும் ஒரு பாட்டி சாட்சி இருக்கிறாரா?

ஊர்சுற்றி

கோகா இலைத் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவன் குடிக்கவில்லை.

செம்பருத்தி

இது ஆபத்தான பேச்சு. கோகா தேநீர் கொஞ்சம் தெம்பு தரும், அவ்வளவுதான். உடம்பு உயரத்துக்குப் பழக நாள் வேண்டும். முதல் வாரம் மேலே ஏறாமல் கீழே இறங்க வேண்டும். ஒயாந்தைதம்போ 2,800 மீட்டர்தான், மாச்சு பிச்சு 2,430. ஊரைச் சுற்றியிருக்கும் மலையை விட்டுப் பள்ளத்தாக்கில் இறங்கினாலே மூச்சு சீராகும். இதைப் பதிவில் சேருங்கள் ஊர்சுற்றி. திருவிழாவை விட இது முக்கியம்.

ஜூன்_பயணி

வணக்கம், நான் புதியவன். ஜூன், ஜூலை இரண்டு மாதம் குஸ்கோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவப் போகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு. சுற்றுலாச் சீட்டு வாங்கினால் லாபமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? நன்றி.

கணக்குப்பிள்ளை

சீட்டு பற்றி நான் சொல்கிறேன். 'போலேதோ தூரிஸ்திகோ' முழுச் சீட்டு வெளிநாட்டவருக்கு 130 சோல் (பெரு நாணயம்), 16 இடங்கள், 10 நாள் செல்லும். சனிக்கிழமை வாங்குங்கள். சனி முதல் நாள், ஞாயிறு இரண்டாம் நாள், அடுத்த சனி எட்டு, அடுத்த ஞாயிறு ஒன்பது. ஒரே சீட்டில் இரண்டு வாரக் கடைசி முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வாங்கினால் மூன்று விடுமுறை நாள்தான் கிடைக்கும். முதல் வாரம் பிசாக்கும் ஒயாந்தைதம்போவும், இரண்டாம் வாரம் சாக்சாய்வாமன், கென்கோ, தம்போமச்சாய், திப்போன் என்ற இன்கா இடிபாடுகள். கொரிகாஞ்சா கோயில், தேவாலயம், மராஸ் உப்புப் பாத்தி மூன்றும் இதில் வராது, தனிக் காசு.

இன்னொன்று. தலைப்பே சனி ஞாயிறு பற்றியது. இன்டி ராய்மி தேதிக்கு நடக்கும் விழா. 2026இல் ஜூன் 24 புதன்கிழமை. அதை எதற்குச் சனி ஞாயிறு பதிவில் எழுத வேண்டும்?

ஊர்சுற்றி

குஸ்கோவில் அன்று விடுமுறை. பள்ளிக்கூடம் கிடையாது. கணக்குப்பிள்ளைக்குக் காலண்டர் மட்டும்தான் தெரியும்.

ஒற்றைக்கல்

விடுமுறையே குஸ்கோ தினத்துக்காகத்தான். அந்தத் தினத்தையும் 1944இல் விடால் உண்டாவும் நண்பர்களும்தான் கொண்டுவந்தார்கள். தென் அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியத் திருப்பம் ஜூன் 21ஐ ஒட்டி வரும். விழா 24இல். ஏன்? அன்று புனித யோவான் திருநாள். இன்காக்கள் புனித யோவானைக் கும்பிட்டார்களா?

பழையசோறு

500 வருடம் நடந்து வந்ததில் மூன்று நாள் தாமதம். பெரு ரயில் போல.

ஊர்சுற்றி

சிரியுங்கள். இரண்டு பேரும் கூட்டணி என்று எல்லோருக்கும் தெரியும். நான் கேட்கிறேன், கெஸ்வாசாகா புல் பாலம் போலியா? அபுரிமாக் ஆற்றுக்கு மேலே ஒவ்வொரு ஜூனிலும் கிராமத்தார் புல்லைக் கயிறாகத் திரித்துப் புதிதாகக் கட்டுவார்கள். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. பெருந்தொற்றால் 2020இல் கட்டவில்லை, 2021 மார்ச்சில் பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது. அந்த ஜூனில் மறுபடி கட்டினார்கள். ஒரு வருடம் விட்டுப்போனதே, அப்போது அதுவும் நாடகம்தானே உங்கள் கணக்கில்?

ஒற்றைக்கல்

ஒரு வருடம் எங்கே, 409 வருடம் எங்கே. அதுவும் போகட்டும், 2020இல் உங்கள் இன்டி ராய்மியும் கூட்டம் கூடி நடக்கவில்லை. "ஒரு வருடம்கூட விடாமல்" என்று எழுதிய உங்கள் வாயாலேயே 2020ஐச் சொல்லிவிட்டீர்கள். நன்றி.

உண்மையாகவே விடாமல் வந்தது எது தெரியுமா? கார்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருவிழா. 15 புனிதர், மாதா சிலைகள் ஊர் ஊராகத் தோளில் வந்து தேவாலயத்தில் கூடும். 1555இல் நடந்த ஊர்வலத்தில் இன்காக்களுக்கு எதிரான கன்யாரி இனத் தலைவன் ஒருவன் வெட்டுண்ட தலை போன்ற ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்ட, இன்காக்கள் அவன்மேல் பாய்ந்த கதையைக் கார்சிலாசோவே எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்வலத்தை வரிசையாக வரைந்து வைத்த ஓவியங்கள் ஆதுன் ருமியோக் தெருவில் பேராயர் மாளிகை அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. அதுவும் பெரும்பாலும் ஜூனில்தான் வரும். டிக்கெட் கிடையாது. சாக்சாய்வாமன் மேடைக்கு நூறு டாலருக்கு மேல் கேட்கிறார்களே, அதைப் பற்றி ஊர்சுற்றி பதிவில் ஒரு வார்த்தை இல்லை. நான் சான் ஜெரோனிமோவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். அங்கே அவரவர் புனிதரைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேகத்தைப் பார்த்திருக்கிறேன்.

செம்பருத்தி

ஸ்பானியர் கொண்டுவந்த ஊர்வலம் அசல், குஸ்கோக்காரர்களே தங்கள் மொழியில் எழுதி நடத்துவது நாடகம்! அருமை அண்ணா. மேட்டில் இலவசமாக உட்கார்ந்து, உருளைக்கிழங்கைச் சுட்டுத் தின்றுகொண்டு பார்க்கும் உள்ளூர்க் குடும்பங்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒற்றைக்கல்

அசல் என்று நான் எங்கே சொன்னேன்? "விடாமல்" என்றேன். மேலே போய்ப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை

"உண்மையாகவே விடாமல் வந்தது" என்று சொன்னீர்கள். கார்பஸ் ஊர்வலமும் 2020இல் வழக்கம்போல் நடந்திருக்க முடியாதே?

ஒற்றைக்கல்

உங்களுக்குச் சீட்டுக் கணக்கு மட்டும் போதும்.

பழையசோறு

சைவக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தம்பி ஜூன் பயணி, கார்பஸ் நாளில் சிரியுச்சு என்று ஒரு தட்டு கொடுப்பார்கள். ஆறிய சாப்பாடு. கினிப்பன்றி, கோழி, உப்புக்கண்டம், மீன் முட்டை, கடற்பாசி, பாலாடைக்கட்டி, பொரித்த சோளம், ஒரு துண்டு ரொகோத்தோ மிளகாய், எல்லாம் ஒரே தட்டில். நீங்கள் சோளத்தையும் மிளகாயையும் பொறுக்கிக்கொள்ளலாம்.

தேவாலயத்தில் மார்கோஸ் சபாட்டா வரைந்த கடைசி இராவுணவு ஓவியத்தில் ஏசு முன்னாலேயே கினிப்பன்றி மல்லாந்து கிடக்கிறது. ஊரே அப்படி.

கணக்குப்பிள்ளை

அது கினிப்பன்றி அல்ல, முயல் போன்ற மலை விலங்கான விஸ்காச்சா என்பாரும் உண்டு.

பழையசோறு

தட்டில் இருப்பதை விடுங்கள் சார். முனிசிபாலிட்டியில் பறக்கிறதே ஏழு வண்ண இன்கா கொடி, அதுவாவது நிஜமா?

கணக்குப்பிள்ளை

இன்கா கொடியே அல்ல. 1973இல் உள்ளூர் வானொலி ஒன்றின் வெள்ளிவிழாவுக்குப் பறக்கவிட்டது. 1978இல் நகராட்சி தன் கொடியாக்கிக்கொண்டது. பாலினச் சிறுபான்மையினர் கொடியோடு குழம்புகிறது என்று 2021இல் நடுவே பொன் சூரியனை வைத்தார்கள்.

ஊர்சுற்றி

போச்சு. இனி ஒற்றைக்கல் 1944ஐ விட்டு 1973க்கு மாறிவிடுவார்.

ஒற்றைக்கல்

மாற மாட்டேன். கொடியைப் பற்றி உங்கள் பதிவில் நீங்கள் எழுதவில்லை, அதனால் தப்பித்தீர்கள்.

ஜூன்_பயணி

சிரியுச்சு புரிந்தது. மற்ற நாட்களில் சைவம்?

செம்பருத்தி

கிடைக்கும் தம்பி. சந்தையில் பெரிய மணிச் சோளம் அவித்து ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு தருவார்கள். குயினோவா சூப் எங்கும் உண்டு, ஆனால் கோழிச் சாற்றில் வைத்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலை பாரத்தியோ பழைய பொருள் சந்தை, ஞாயிறு காலை நடுச் சதுக்கத்தில் கொடியேற்றமும் அணிவகுப்பும். இரண்டுக்கும் காசு வேண்டாம்.

ஒற்றைக்கல்

ஒரு நிமிடம். ஊர்சுற்றி பதிவை இப்போது திறந்து பார்த்தேன். "500 ஆண்டுகளாக ஒரு வருடம்கூட விடாமல்" என்ற வரி காணோம். "பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடப்பட்டு வரும்" என்று இருக்கிறது. சத்தம் போடாமல் மாற்றிவிட்டீர்களா?

ஊர்சுற்றி

எதையும் மாற்றவில்லை. நடையைச் செப்பனிட்டேன். எழுதுகிறவன் செய்வதுதான்.

ஒற்றைக்கல்

"பல நூற்றாண்டுகள்"! 1944இலிருந்து ஒரு நூற்றாண்டே இன்னும் முடியவில்லை ஐயா!

ஊர்சுற்றி

1535ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக்கல்

எப்படிச் சேர்ப்பது? நடுவில் 409 வருடம் எங்கே போயிற்று என்று முதல் பக்கத்திலிருந்து கேட்கிறேன். பழைய வரியைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன், ஏற்றட்டுமா?

ஊர்சுற்றி

ஏற்றுங்கள். வினிகுங்கா பையனுக்கு நீங்கள் தனிமடலில் என்ன எழுதினீர்கள் என்பதையும் நான் ஏற்றுகிறேன்.

செம்பருத்தி

நெறியாளர் யாராவது இருக்கிறீர்களா?

பழையசோறு

நெறியாளர் கணக்கு கடைசியாக உள்ளே வந்தது 1944இல்.