பழைய ஆங்கிலச் சொல்லிடம் ஏமாந்த அனுபவம் உண்டா?

ஓய்வு வாத்தியார்:
31 வருடம் ஆங்கிலம் நடத்தியவன் நான். போன மாதம் விமான நிலைய வரிசையில் அண்ணன் மகள் தன் புது பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். குடியரசுத் தலைவர் பெயரில் ஒரு வேண்டுகோள் இருக்குமே, 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று வருகிற வரி. அதைக் காட்டி, "லெட் என்றால் விடுவதுதானே சித்தப்பா? விடாமலும் தடுக்காமலும் எப்படிப் போவது?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "தனியாக அனுமதி கேட்க வேண்டாம், தடையும் கிடையாது, அவ்வளவுதான்மா" என்று அடித்துவிட்டேன். பின்னால் நின்றவர்கூடத் தலையாட்டினார். அவள் மட்டும் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு பாஸ்போர்ட்டை மூடிப் பையில் போட்டாள். அந்த மூடிய விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால், அங்கே லெட் என்பதே தடைதான். பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு ஒரு வினை, தடுப்பதற்கு வேறொரு வினை. இரண்டும் தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பேயின் பின்னால் போகும் ஹாம்லெட், தன்னை 'லெட்' செய்பவனையும் பேயாக்கிவிடுவேன் என்று கத்துகிறானே, அதை எத்தனை வகுப்பில் நடத்தியிருக்கிறேன்! பாஸ்போர்ட்டில் பார்த்தபோது ஞாபகம் வரவில்லை.

டெல்லிவாசி:
சார், அதே பக்கத்தில் இந்தியிலும் இருக்கிறது. 'பினா ரோக் டோக்', அதாவது தடையில்லாமல். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

பழைய குமாஸ்தா:
1994. வக்கீல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஆங்கிலத்தில் இருந்த பாகப் பத்திரம் ஒன்றைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். 'மொய்ட்டி' என்று ஒரு சொல். என் புத்தி நேரே கல்யாண மொய்க்குப் போனது. ஏதோ சின்னப் பங்கு போலிருக்கிறது என்று 'ஒரு பகுதி' என்று எழுதிவிட்டேன். சீனியர் திட்டவே இல்லை. பச்சை மையால் அந்த இரண்டு சொல்லையும் வட்டமிட்டு, பக்கத்தில் ½ என்று மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சரிபாதி! அப்படியே பதிவாகியிருந்தால் ஒரு தம்பி அரை வீட்டுக்காகக் கோர்ட் படி ஏறியிருப்பார். அதே பத்திரத்தில் 'மெஸ்ஸுவேஜ்' என்றும் இருந்தது. வீடு, அதைச் சேர்ந்த கொட்டகை, மனை எல்லாம் அதில் அடக்கம். வெள்ளைக்காரன் வேண்டுமென்றே இப்படி எழுதி வைத்திருக்கிறான்.

மனை வாங்கியவன்:
குமாஸ்தா அண்ணே, வெள்ளைக்காரனை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்? நம் கிரயப் பத்திரத்தில் 'நிதி நிட்சேப ஜல தரு பாஷாண' என்று ஒரு மூச்சில் வருமே, அதை எழுதியது யார்? பதிவு அலுவலக வாசலில் என் மாமனார் சத்தமாகவே கேட்டார்: "மாப்பிள்ளை, மனையில பாஷாணம் இருக்குன்னு போட்டிருக்கே, கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமா?" அங்கே பாஷாணம் வெறும் கல். அதைச் சொல்ல எழுதிய ஆளுக்கே தெரியவில்லை.

மார்த்தா:
தலைப்பை விட்டுப் போகிறீர்கள். என்னுடையது தாத்தா இறந்த வீட்டில் நடந்தது. 1611 ஆங்கில வேதாகமத்தில் முதலாம் தெசலோனிக்கேயர் 4:15 வாசித்தேன். உயிரோடிருப்பவர்கள் நித்திரையடைந்தவர்களை 'ப்ரிவென்ட்' செய்வதில்லை என்று வரும். சித்தி மகன் அர்த்தம் கேட்டான். "அவங்களை நாம தடுக்க மாட்டோம்டா" என்றேன். மூலையில் மடியில் தமிழ் வேதாகமத்தோடு உட்கார்ந்திருந்த பாட்டி, தலையைத் தூக்காமல், "முந்திக்கொள்வதில்லைன்னுல்ல போட்டிருக்கு" என்றார்கள். 'ப்ரிவென்ட்' வந்த லத்தீன் சொல்லுக்கு முன்னால் வருதல் என்றுதான் பொருளாம். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் என் பாட்டி.

அகராதிப் பிரியை:
அகராதியைப் பார்த்தேன் என்று வாத்தியார் சார் சொன்னது அரைகுறை, எந்த அகராதி என்று சொல்லவில்லையே. கல்லூரி நாடகத்தில் நான்தான் ஜூலியட். 'வேர்ஃபோர்' என்றதும் நெற்றியில் கை வைத்து மேடையின் இரண்டு பக்கமும் ரோமியோவைத் தேடினேன், கைதட்டல் வேறு. அவள் கேட்பது 'எங்கே' அல்ல, 'ஏன்'. ஏன் நீ ரோமியோவாக இருக்க வேண்டும், அந்தப் பெயரை விட்டுவிடு என்கிறாள்.

கேட்காமலே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். மாணவர் அகராதியை இதற்கெல்லாம் நம்பாதீர்கள். அதில் இன்றைய பொருள்தான் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைப் பாருங்கள். 1884-ல் முதல் பகுதி வந்து, 1928-ல்தான் முடித்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய பொருளிலிருந்து தொடங்கி, எந்த ஆண்டில் யார் எப்படி எழுதினார் என்று மேற்கோளோடு கொடுத்திருப்பார்கள். முதலில் நீங்கள் படிப்பது எந்த ஆண்டு எழுதியது என்று பாருங்கள், அப்புறம் அந்த ஆண்டுக்கு அருகிலுள்ள மேற்கோளைத் தேடுங்கள். 'நைஸ்' என்பதற்கு அங்கே முதல் பொருள் முட்டாள். தெரியாத சொல் யாரையும் ஏமாற்றாது, எப்படியும் தேடிவிடுவோம். தெரிந்த சொல் இருந்தும் வாக்கியம் நொண்டினால் சந்தேகப்படுங்கள். நூலகத்தில் கிடைக்காவிட்டால்

டெல்லிவாசி:
அக்கா, போதும்.

ஓய்வு வாத்தியார்:
அரைகுறைதான், ஒப்புக்கொள்கிறேன். நேற்று அண்ணன் மகளுக்கு போன் போட்டுத் திருத்திச் சொன்னேன். சிரித்தாள். "அப்போ டென்னிஸில் சர்வ் போட்ட பந்து வலையை உரசிப் போனால் லெட் என்கிறார்களே, அதுவும் இதுதானா சித்தப்பா?" என்றாள். 'ஆமாம்' நுனி நாக்கு வரை வந்துவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.